25 சதவீதம் என்று எழுதி வாங்கிய வக்கீல் பீஸ்: இதை நீதிமன்றம் பார்க்குமா, பார்க்காதா?

செஞ்சிக்காரன்

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என் தங்கச்சி வீட்டுக்காரர் 2020 டிசம்பரில் பைபாஸில் லாரி மோதி இறந்துவிட்டார். இரண்டு சின்னப் பிள்ளைகள். ஊரில் தெரிந்தவர் ஒருவர் மூலம் ஒரு வக்கீலைப் பிடித்து இழப்பீட்டுக்கு எம்சிஓபி (வாகன விபத்து இழப்பீட்டு மனு) போட்டோம். அப்போது கையில் பணம் இல்லை, அவரும் கேட்கவில்லை. "ஜெயிச்சா 25 பர்சன்ட் கொடுங்க, செலவெல்லாம் நான் பார்த்துக்கிறேன்" என்றார். ஒரு ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி தங்கச்சியிடம் கையெழுத்து வாங்கினார், கூடவே தொகை எழுதாத மூன்று செக்.

நான்கு வருடம் ஓடியது. தீர்ப்பு 18 லட்சம், வட்டியோடு சேர்த்து ஏறக்குறைய 23 லட்சம். தீர்ப்பாயம் அதைப் பிரித்தது: தங்கச்சிக்கு 9, பிள்ளைகள் இருவருக்கும் தலா 5, மாமியாருக்கு 4. பிள்ளைகள் பங்கு 18 வயது ஆகும் வரை வங்கியில் டெபாசிட், தொட முடியாது. மாமியார் தன் பணத்தில் ஒரு பைசா தர மாட்டேன் என்கிறார். ஆனால் வக்கீல் 25 பர்சன்டை மொத்த 23 லட்சத்துக்கும் கணக்குப் போடுகிறார். 5 லட்சத்து 75 ஆயிரம். அத்தனையும் தங்கச்சியின் 9 லட்சத்திலிருந்துதான் போக வேண்டும், மிஞ்சுவது 3 லட்சத்து 25 ஆயிரம்.

2 லட்சம் கொடுத்துவிட்டோம். மீதி 3.75 லட்சத்தைச் செக்கில் எழுதி வங்கியில் போடுவேன், பணமில்லாமல் திரும்பினால் 138 கேஸ் (செக் மோசடி வழக்கு) என்கிறார். அவர் உழைக்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன், ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்தார். என் கேள்வி ஒன்றுதான். இந்த மாதிரி ஒப்பந்தத்தை நீதிபதி யாராவது எடுத்துப் பார்த்து, இது நியாயம், இது அநியாயம் என்று சொல்ல வழி இருக்கிறதா? கையெழுத்துப் போட்டால் போட்டதுதானா?

கீழ்க்கோர்ட்டு வக்கீல்

சார், முதலில் ஒரு விஷயம், செக் எண்களைக் குறித்து வைத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் இன்றைக்கே செக் புத்தகத்தின் அடிக்கட்டையைப் பார்த்து எழுதி வையுங்கள்.

இப்போது உங்கள் கேள்வி. இந்தியாவில் வழக்கின் முடிவை வைத்து பீஸ் பேசுவதும், கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதும் வக்கீலுக்குத் தடை. வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் விதிகளில் தொழில் ஒழுக்கம் பற்றிய பகுதியில் 20ஆம் விதி அதைத்தான் சொல்கிறது. 25 என்றாலும் 5 என்றாலும் ஒன்றுதான், சதவீதம் என்ற பேச்சே கூடாது.

உங்கள் தங்கையின் கதைக்கு மிக நெருக்கமான ஒரு தீர்ப்பு இருக்கிறது. பி. சுனிதா எதிர் தெலங்கானா மாநிலம், உச்ச நீதிமன்றம், 2017 டிசம்பர். அந்தம்மாவும் கணவரைச் சாலை விபத்தில் இழந்தவர். வக்கீலுக்கு ஏற்கனவே 10 லட்சம் கொடுத்திருந்தார். அதற்கு மேல் 3 லட்சத்துக்கு ஒரு செக்கில் கையெழுத்து வாங்கினார்கள், கணக்கில் பணம் இல்லை என்று அவர் சொல்லியும் கேட்கவில்லை. வந்த தொகையில் 16 சதவீதம் பீஸ் என்பது வக்கீலின் கணக்கு. செக் திரும்பியது, 138 வழக்குப் போட்டார். உயர் நீதிமன்றம் அந்த அம்மாவின் மனுவைத் தள்ளுபடி செய்தது. உச்ச நீதிமன்றம் வழக்கையே ரத்து செய்துவிட்டது. சதவீதக் கணக்கில் கேட்கும் பீஸ் சட்டப்படி வசூலிக்கக்கூடிய கடனே இல்லை, அதற்குச் செக் வாங்குவது தொழில் ஒழுக்கக்கேடு என்றார்கள் நீதிபதிகள் கோயலும் லலித்தும். கடைசி நேரத்தில் அந்த வக்கீல் புகாரை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்று கேட்டதற்கும் சம்மதிக்கவில்லை.

அதனால் 138 நோட்டீஸ் வந்தால் பயப்படாதீர்கள், ஆனால் பதில் போடாமலும் இருக்காதீர்கள். நோட்டீஸ் கைக்கு வந்த 15 நாளுக்குள் ஒரு வக்கீலை வைத்து, இந்தச் செக் எந்தச் சூழ்நிலையில் வாங்கப்பட்டது என்று எழுத்தில் பதில் போக வேண்டும். செக்கில் கையெழுத்து உங்களுடையது என்றால் அது கடனுக்காகக் கொடுத்தது என்றுதான் சட்டம் முதலில் அனுமானிக்கும், அதை உடைக்க வேண்டியது உங்கள் தரப்பு. அந்த ஸ்டாம்ப் பேப்பரின் நகல் இருந்தால் அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

செஞ்சிக்காரன்

மிக்க நன்றி ஐயா. ஸ்டாம்ப் பேப்பர் அவரிடம் இருக்கிறது, நகல் தரவில்லை. ஆனால் வாட்ஸ்அப்பில் "25 பர்சன்ட் பேசியது ஞாபகம் இருக்கட்டும், மொத்தம் 5.75" என்று அனுப்பியிருக்கிறார்.

கீழ்க்கோர்ட்டு வக்கீல்

அது போதும். அழித்துவிடாதீர்கள், அந்தப் போனை மாற்றவும் வேண்டாம்.

முன்னாள் சிரஸ்தார்

நான் மாவட்ட நீதிமன்றத்தில் இருந்து ஓய்வு பெற்றவன், கடைசிப் 11 வருடம் விபத்து வழக்குப் பிரிவு. தம்பி கேட்ட கேள்விக்கு உள்ளே இருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

தீர்ப்பாயம் அந்தப் பணத்தைக் காப்பாற்றத்தான் பார்க்கிறது. 1994ல் சூசம்மா தாமஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து மைனர் பங்கு டெபாசிட்டில்தான், படிப்பறிவில்லாதவர்கள் பங்கையும் பார்த்துப் பார்த்துத்தான் விடுவிப்பார்கள், டெபாசிட்டை வைத்துக் கடன் வாங்கக்கூட விட மாட்டார்கள். அப்புறம், முன்பெல்லாம் செக் வக்கீல் கைக்குப் போய் அங்கிருந்து கட்சிக்காரருக்கு வரும், இப்போது நேராக வங்கிக் கணக்குக்குப் போகிறது. 2025 மார்ச்சில்கூட இதைப் பொதுவான முறையாக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

ஆனால் பாருங்கள், வாசல் வரைக்கும்தான் காவல். பணம் கணக்கில் விழுந்த பிறகு அது எங்கே போகிறது என்று கேட்க ஆளில்லை. நேரடியாகக் கணக்கில் போடும் முறை வந்ததும், வழக்குப் போடும்போதே வெற்றுச் செக் வாங்கி வைக்கும் பழக்கம் கூடியதை நான் என் கண்ணால் பார்த்தேன். பணம் எடுக்கும் மனு விசாரணைக்கு வரும்போது "வக்கீலுக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள் அம்மா" என்று ஒரு நீதிபதி கேட்டு, நான் பணியில் இருந்த காலத்தில் ஒரே ஒருமுறைதான் கேள்விப்பட்டேன். அந்த அம்மா வக்கீலைத் திரும்பிப் பார்த்துவிட்டு "ஒண்ணும் இல்லீங்க" என்றார். அவர் வேறு என்ன சொல்வார்? பக்கத்திலேயே அல்லவா நிற்கிறார்.

தங்கச்சி பங்கை மட்டும் கரைக்கும் இந்தக் கணக்கு புதிதில்லை. பிள்ளைகள் பணத்தைத் தொட முடியாது என்பதால் அதற்கான பீஸும் தாயின் தலையில்தான் விழும். மைனர் பணத்தை வக்கீலிடமிருந்து சட்டம் காப்பாற்றியது, அதற்கான செலவை அந்தப் பிள்ளைகளின் தாயே கட்டுகிறார். இதை எந்த உத்தரவிலும் யாரும் எழுதிப் பார்த்ததில்லை.

இளம் வழக்கறிஞர் (மதுரை)

எல்லாரும் ஒரு பக்கமாகவே பேசுவதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் ஒரு சீனியரிடம் ஆறு வருடமாக விபத்து வழக்குப் பார்க்கிறேன். வருகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் கையில் பஸ் காசு மட்டும்தான் இருக்கும். எப்ஐஆர் நகல், போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட், ஊனச் சான்றிதழ், டாக்டரைச் சாட்சிக் கூண்டுக்குக் கூட்டி வரும் செலவு, எல்லாம் நாங்கள் போடுகிறோம். நான்கு வருடம் கழித்து வழக்குத் தோற்றால் அந்தப் பணம் போனதுதான், யாரிடமும் கேட்க முடியாது. "முன்கூட்டியே 50,000 வையுங்கள்" என்று சட்டப்படி நேர்மையாகக் கேட்டால் அந்தக் குடும்பம் வழக்கே போடாது, இன்சூரன்ஸ் கம்பெனி கொடுப்பதை வாங்கிக்கொண்டு போய்விடும்.

வெற்றுச் செக் வாங்குவது தப்பு, அதில் மறுபேச்சு இல்லை. மொத்தத் தொகைக்கும் கணக்குப் போட்டு விதவையின் பங்கில் மட்டும் எடுப்பதும் தப்பு. ஆனால் சதவீதம் என்பதே பாவம் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. 20ஆம் விதி இருக்கிறது, அதைக் கோர்ட் வளாகத்தில் எல்லாரும் மீறுகிறார்கள், எல்லாருக்கும் தெரியும். அப்படி ஒரு விதியால் யாருக்கு லாபம்?

திருச்சி வளர்மதி

மதுரைத் தம்பிக்கு, நீங்கள் சொல்லும் கஷ்டம் உண்மை. ஆனால் என் கதையையும் கேளுங்கள். அப்பாவின் நில வழக்கில் பாதியில் வக்கீலை மாற்ற நினைத்தோம். பாக்கி பீஸ் தீர்த்தால்தான் கேஸ் கட்டைத் தருவேன், மாற்று வக்காலத்துக்கும் கையெழுத்துப் போடுவேன் என்றார். என்ன பாக்கி என்று கேட்டால் கணக்கே இல்லை, வாயில் வந்த தொகை. எட்டு மாதம் அலைந்தோம், அதற்குள் ஒரு வாய்தாவில் எங்கள் தரப்பு ஆள் இல்லை என்று ஒருதலைப்பட்ச உத்தரவும் ஆகிவிட்டது. பிறகுதான் தெரிந்தது, பீஸ் பாக்கிக்காகக் கட்டைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமையே கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2000லேயே சொல்லியிருக்கிறது என்பது. ஆர்.டி. சக்சேனா வழக்கு. அங்கேயும் ஒரு கூட்டுறவு வங்கியின் கட்டுகளை வக்கீல் பில் பாக்கிக்காக வைத்துக்கொண்டார். பார் கவுன்சில் 18 மாதம் தொழில் செய்யத் தடை போட்டது, உச்ச நீதிமன்றம் அதைக் கண்டனமாகக் குறைத்தது, ஆனால் சட்டம் என்ன என்பதில் குழப்பம் வைக்கவில்லை.

அந்தத் தீர்ப்பை அன்றைக்கே யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் எட்டு மாதம் மிச்சம். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

ரொறன்ரோ குமரன்

இதை வாசிக்கப் பெரிய கவலையாக இருக்கு. நான் கனடாவின் ஒன்ராறியோவில் சட்டத்தரணி (வக்கீல்) ஒருவரின் அலுவலகத்தில் வேலை செய்கிறவன், சட்டத்தரணி அல்ல. இங்கே எப்படி நடக்குது என்று சொன்னால் உங்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

இங்கேயும் ஒரு காலம் சதவீதக் கட்டணம் தடைதான். 2002ல் மக்கின்ரயர் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம், சதவீத ஒப்பந்தம் எல்லாமே சட்டவிரோதம் என்று சொல்ல ஏலாது, ஒவ்வொன்றையும் பார்க்க வேணும் என்றது. புகையிலைக் கம்பெனிக்கு எதிராக ஒரு விதவை போட்ட வழக்கு அது, காசு இல்லாமல் அந்த மாதிரி வழக்கை ஆர் நடத்துவினம்? பிறகு 2004 அக்டோபரில் ஒழுங்குவிதி வந்தது. 2021 ஜூலையில் இருந்து எல்லாச் சட்டத்தரணியும் ஒரே மாதிரியான ஒப்பந்தப் படிவத்தைப் பாவிக்க வேணும், கையெழுத்துக்கு முதல் சட்டத்தரணிகளை ஒழுங்குபடுத்துற சட்டச் சங்கம் எழுதின விளக்கக் கையேட்டையும் வாடிக்கையாளர் கையில குடுக்க வேணும்.

முக்கியமான விசயம் இதுதான். கையெழுத்து வைச்ச பிறகும் வாடிக்கையாளர் நீதிமன்றத்துக்குப் போய் இந்த ஒப்பந்தத்தைப் பாருங்கோ என்று கேட்கலாம். நீதிபதி இரண்டு கேள்வி கேட்பார். ஒன்று, கையெழுத்து வைக்கேக்க நடந்தது நேர்மையாக நடந்ததா, அந்த மனிசிக்கு என்ன எழுதியிருக்கு என்று விளங்கினதா? இரண்டு, கடைசியில வாற தொகை நியாயமானதா? அதுக்குச் செலவான நேரம், வழக்கின் சிக்கல், கிடைச்ச பலன், சட்டத்தரணி தன் தலையில எடுத்த ஆபத்து எல்லாம் பார்ப்பார். ஆபத்தே இல்லாத வழக்குக்கு 30 சதவீதம் எடுத்தால் அது வெட்டுப்படும்.

பிள்ளைகளின் காசு என்றால் ஆரும் கேட்கத் தேவையில்லை. 18 வயதுக்குக் கீழே உள்ளவரின் வழக்கு சமாதானமாக முடிஞ்சால் நீதிபதி ஒப்புதல் கட்டாயம். அந்த வழக்குக் கோவையில (பைலில) சட்டத்தரணிக்கு எவ்வளவு போகுது என்றும் காட்ட வேணும். நீதிபதி "இது கூடிப்போச்சு" என்று குறைச்சதை நானே கண்டிருக்கிறன். உங்கட சிரஸ்தார் ஐயா சொன்ன மாதிரி தாயின்ர பங்கில மட்டும் எல்லாத்தையும் எடுக்கிறது இங்கே அந்தக் கட்டத்திலேயே பிடிபடும்.

இங்கே எல்லாம் சுத்தம் என்று நான் சொல்லேல்லை. சதவீதத்தையும் எடுத்து, எதிர்த்தரப்பு கட்டின வழக்குச் செலவையும் சேர்த்து எடுத்தார்கள் என்று ஒரு வழக்கு வந்து, 2017ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் பல வாடிக்கையாளர்களுக்கும் சேர்த்து ஒரே கூட்டு வழக்காக நடத்த விட்டது. ஆனால் கேட்கிறதுக்கு ஒரு இடம் இருக்கு, அதுதான் வித்தியாசம்.

இளம் வழக்கறிஞர் (மதுரை)

குமரன் அண்ணா, நான் சொல்ல வந்ததே இதுதான். தடை போட்டால் ஒப்பந்தம் இருட்டுக்குள் போய்விடுகிறது. ஸ்டாம்ப் பேப்பர் வக்கீல் பீரோவில் இருக்கும், கோர்ட்டுக்குக் காட்ட மாட்டார், காட்டினால் அவர் சன்னத்துக்கே (வக்கீல் உரிமத்துக்கே) ஆபத்து. கட்சிக்காரரும் காட்ட மாட்டார், காட்டினால் வழக்குக் கெட்டுவிடும் என்று பயம். அப்புறம் எந்த நீதிபதி எதை எடுத்துப் பார்ப்பது? அனுமதித்து, உச்சவரம்பு வைத்து, பணம் எடுக்கும் மனுவோடு பீஸ் ஒப்பந்தத்தையும் தாக்கல் செய்ய வைத்தால் போதும், எங்களுக்கும் நிம்மதி.

கீழ்க்கோர்ட்டு வக்கீல்

தம்பி, அதில் எனக்குப் பயம் இருக்கிறது. 22 வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். சதவீதத்தை அனுமதித்துவிட்டு மேற்பார்வையை ஏட்டில் மட்டும் வைத்தால் இப்போது ஒளிந்து கேட்பதை நாளை போர்டு வைத்துக் கேட்பார்கள். தடைக்குக் காரணமும் வெறும் சம்பிரதாயம் இல்லை. வழக்கில் பங்கு வைத்திருக்கும் வக்கீல், கட்சிக்காரருக்கு எது நல்லது என்று பார்க்காமல் தன் பங்கு சீக்கிரம் வருமா என்று பார்க்க ஆரம்பிப்பார். லோக் அதாலத்தில் 12 லட்சத்துக்குச் சம்மதிக்கச் சொல்வார், இரண்டு வருடம் பொறுத்தால் 20 வரும் என்று தெரிந்தும். பார்த்திருக்கிறேன்.

ஒரு வினோதம் சொல்லட்டுமா. வழக்கு நடத்தப் பணம் கொடுத்துப் பங்கு வாங்குவது இந்தியாவில் பொதுவாகக் குற்றமில்லை. 1876லேயே பிரிவி கவுன்சில் (அன்றைக்கு லண்டனில் இருந்த மேல்முறையீட்டு மன்றம்) அப்படிச் சொல்லிவிட்டது, அநியாயமான பேரமாக இருந்தால் மட்டும் செல்லாது. அதாவது ஊரில் ஒரு பணக்காரர் உங்கள் தங்கைக்குச் செலவு செய்து பங்கு கேட்கலாம், நீதிமன்றம் அந்தப் பேரம் நியாயமா என்று எடுத்துப் பார்க்கும். வக்கீல் மட்டும் கேட்கக் கூடாது. 1954ல் 'ஜி' என்று எழுத்தால் மட்டும் குறிப்பிடப்பட்ட ஒரு சீனியர் வக்கீல் கிடைக்கும் தொகையில் பாதி என்று பேசியதற்கு, அதே ஒப்பந்தத்தை வேறு ஒருவர் போட்டிருந்தால் செல்லலாம், ஆனால் வக்கீல் போட்டால் ஒழுக்கக்கேடு என்று உச்ச நீதிமன்றம் எழுதியது. அன்றிலிருந்து அதுதான் நிலை.

சதவீதம் இல்லாத பீஸைப் பொறுத்தவரை 1926ஆம் வருடத்து வக்கீல் பீஸ் சட்டம் இன்னும் இருக்கிறது. இரு தரப்பும் பேசி முடித்துக்கொள்ளலாம், பேசாவிட்டால் கோர்ட் செலவுத்தொகைக் கணக்கின்படி வக்கீல் கேட்டு வழக்குப் போடலாம். அளவு நியாயமா என்று பார்க்க என்று தனியாக ஒரு வழி அதில் இல்லை. சட்ட ஆணையம் 1988ல் தன் 131ஆவது அறிக்கையில் வக்கீல் பீஸை முறைப்படுத்துவது பற்றி எழுதியது, 2017 சுனிதா தீர்ப்பும் அதை எடுத்துக்காட்டி ஒரு சட்டம் தேவை என்றது. இன்னும் வரவில்லை.

திருச்சி வளர்மதி

நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாதா? முன்பு போகலாம் என்றார்களே.

கீழ்க்கோர்ட்டு வக்கீல்

அந்தக் கதவு மூடிவிட்டது மேடம். 2024 மே 14ஆம் தேதி உச்ச நீதிமன்றம் வக்கீல் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று சொல்லிவிட்டது. மிச்சம் இருப்பது சிவில் கோர்ட்டும் பார் கவுன்சிலும்.

சிவில் கோர்ட்டில் உங்கள் பக்கம் பலமான ஒரு விஷயம் உண்டு, நிறையப் பேர் கவனிப்பதில்லை. நம்பிக்கைக்குரிய இடத்தில் இருக்கும் ஒருவர் தன்னை நம்பியவரோடு ஒப்பந்தம் போட்டால், அது நேர்மையாகத்தான் நடந்தது என்று நிரூபிக்கும் பாரம் அவர் மேல். 1872 சாட்சியச் சட்டத்தில் 111ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலையிலிருந்து அதற்குப் பதிலாக வந்த பாரதிய சாட்சிய சட்டத்தில் 114ஆம் பிரிவு, அதற்குச் சட்டமே கொடுத்த முதல் உதாரணம் கட்சிக்காரர் தன் வக்கீலுக்குச் சொத்து விற்பதுதான். கணவர் இறந்து மூன்று மாதத்தில், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்ட பெண்ணுக்கு என்ன விளக்கம் சொன்னேன் என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

பார் கவுன்சில் புகார் என்றால் வழக்கறிஞர்கள் சட்டம் 35ஆம் பிரிவு, சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் அலுவலகம். ஒரு வருடத்துக்குள் முடிக்காவிட்டால் அது இந்திய பார் கவுன்சிலுக்கு மாறிவிடும். ஆனால் ஒழுங்கு நடவடிக்கை வேறு, உங்கள் பணம் திரும்புவது வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்து ஏமாற வேண்டாம். செலவுக்குப் பயப்படாதீர்கள், பெண் என்ற ஒரே காரணத்துக்காக, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், இல்லை 15100க்குப் போன் செய்யுங்கள்.

முன்னாள் சிரஸ்தார்

இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, ஆனால் நான் மதுரைத் தம்பி பக்கம்தான் சாய்கிறேன். மைனர் பங்கு உள்ள வழக்குகளில் மட்டுமாவது ஆரம்பிக்கலாம். தீர்ப்பாயம் ஏற்கனவே அந்தப் பணத்துக்குப் பொறுப்பு எடுத்திருக்கிறது. பணம் எடுக்கும் மனுவில் "வக்கீலுக்குக் கொடுத்தது, கொடுக்க வேண்டியது" என்று ஒரு வரி. கட்சிக்காரரை வக்கீல் இல்லாமல் தனியாகச் சேம்பரில் கூப்பிட்டு இரண்டு நிமிடம் பேச வேண்டும். அந்த அம்மா அன்றைக்குத் திரும்பிப் பார்க்காமல் பதில் சொல்லியிருப்பார்.

செஞ்சிக்காரன்

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். எல்லாருக்கும் நன்றி. தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு ஆணைக்குழு அலுவலகம் போனேன். அங்கே இருந்த வக்கீலம்மா முதலில் கேட்டது, நீ என்ன கையெழுத்துப் போட்டாய் என்று உனக்குத் தெரியுமா என்பதுதான். தங்கச்சி "அண்ணன் சொன்னாரு, போட்டேன்" என்றாள். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி ஆகிவிட்டது, ஏனென்றால் நானும் படித்துப் பார்க்கவில்லை.

அவர்கள் அனுப்பிய கடிதம் போன பிறகு வக்கீல் என்னை அழைத்தார். சத்தம் போடவில்லை. தான் கையிலிருந்து செலவு செய்தது 40,000க்கு மேல் என்று சொல்லிக் கணக்கு எழுதிக் காட்டினார், டாக்டர் சாட்சிக்குக் கொடுத்ததுவரை. அந்தக் கணக்கு பொய் இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது. 2 லட்சத்தோடு நிறுத்திக்கொள்வதாகச் சொல்லி இரண்டு செக்கைத் திருப்பிக் கொடுத்தார். மூன்றாவது எங்கே என்றால் தேடிப் பார்க்கிறேன் என்கிறார். அந்த எண்ணுக்கு வங்கியில் பணம் கொடுக்காதே என்று எழுதிக் கொடுத்துவிட்டோம், அதன் நகலில் சீல் வாங்கி வைத்திருக்கிறேன். ஸ்டாம்ப் பேப்பர் இன்னும் வரவில்லை. அது வரும்வரை பார் கவுன்சில் புகாரை எழுதி வைத்துக்கொண்டு காத்திருங்கள் என்று வக்கீலம்மா சொன்னார், வரும் திங்கட்கிழமை மறுபடி போகிறோம்.

குமரன் அண்ணாவுக்கு ஒரு கேள்வி. அங்கே அந்தப் படிவம், கையேடு எல்லாம் தமிழில் கிடைக்குமா, இல்லை ஆங்கிலத்தில்தானா? தங்கச்சி கையெழுத்துப் போட்ட பேப்பர் முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது.